ஒரு மில்லிமீட்டர் ஆழம்

‘பெண்ணின் வயிற்றிலிருந்து ஐந்து கிலோ கட்டி அகற்றம்’ என்று நாளிதழில் அடிக்கடி செய்தி வரும். பச்சை உடுப்பு அணிந்த டாக்டர்கள் கட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு நிற்கும் படமும் கூடவே இருக்கும். பெரும்பாலும் அது கர்ப்பப்பையில் பல வருடமாக வளர்ந்த ஃபைப்ராய்டு கட்டியாக இருக்கும். நோயாளி சில நாளில் வீட்டுக்குப் போய்விடுவார்.

அதே உடம்பில், உள்ளங்காலில் மிளகளவுக்கு வருகிற ஒரு கரும்புள்ளி சில வருடங்களில் ஆளையே முடித்துவிடலாம். ஐந்து கிலோ ஒன்றும் செய்யவில்லை. ஒரு கிராம்கூடத் தேறாதது கொல்கிறது.

அந்தப் புள்ளியை வெட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் இன்னொரு புதிர் காத்திருக்கிறது. அறிக்கை வந்ததும் டாக்டரின் கண் முதலில் தேடுவது ஆழம் எவ்வளவு என்கிற எண்ணை. அகலத்தை அவர் அவ்வளவாகப் பொருட்படுத்த மாட்டார். ஆழத்தை மில்லிமீட்டரில், தசமப் புள்ளி வைத்து எழுதியிருப்பார்கள். 0.6 என்றிருந்தால் அவர் முகம் தெளியும். 4.5 என்றிருந்தால் உறவினரை உள்ளே கூப்பிடுவார். தோலுக்குள் நாலு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியதில் அப்படி என்ன ஆகிவிட்டது?

இந்த அத்தியாயம் அந்த நாலு மில்லிமீட்டரைப் பற்றியது.

ரத்தமே இல்லாத மாடி

உள்ளங்கையில் காய்த்துப்போன தோலை நகத்தால் கிள்ளி எடுத்துப் பாருங்கள். ரத்தம் வராது. கொஞ்சம் ஆழமாகக் கிள்ளிவிட்டால் சுள்ளென்று வலிக்கும், ரத்தம் துளிர்க்கும். தோல் இரண்டு அடுக்கு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. வெளியே இருப்பது மேல்தோல். உடம்பின் பெரும்பகுதியில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான்; உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் தடித்திருக்கும். அதற்குள் ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது. அதன் அடியில் இருக்கும் உள்தோலில்தான் ரத்தக்குழாய்களும் நிணநீர்க்குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. மேல்தோல் செல்களுக்கு வேண்டிய ஆக்சிஜனும் சத்தும் கீழேயிருந்து கசிந்து மேலேறி வருகின்றன.

மேல்தோலின் கடைசி வரிசையில், உள்தோலை ஒட்டி, நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. நம் தோலுக்குக் கருப்பைத் தரும் மெலனினைத் தயாரிப்பவை இவைதான். இந்தச் செல்கள் புற்றாக மாறினால் அதன் பெயர் மெலனோமா. தோலில் வேறு புற்றுகளும் உண்டு. அவை எண்ணிக்கையில் அதிகம், ஆனால் பெரும்பாலும் வந்த இடத்திலேயே கிடப்பவை. தோல் புற்றால் நேரும் சாவுகளில் பெரும்பகுதிக்கு மெலனோமாவே பொறுப்பு.

நிறமிச் செல்களின் பூர்வீகத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவை தோலில் பிறந்தவை கிடையாது. கரு சில வாரமே ஆனதாக இருக்கும்போது, முதுகுப் பக்கம் நரம்புக்குழல் உருவாகும் விளிம்பில் அவற்றின் மூதாதைச் செல்கள் தோன்றுகின்றன. அங்கிருந்து உடம்பு முழுக்க ஊர்ந்து போய், நெற்றி முதல் கால்விரல் வரை குடியேறுகின்றன. வந்து சேர்ந்ததும் ஊர்வதை நிறுத்திவிடுகின்றன. ஆனால் ஊர்வதற்கான மரபணுக்கள் அவற்றுக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன, அழிக்கப்படவில்லை. மெலனோமா அவற்றை மறுபடி முடுக்கிவிடுகிறது. மற்றப் புற்றுகளைவிட இது முந்திக்கொண்டு பரவுவதற்கு இந்தப் பூர்வீகமும் ஒரு காரணம்.

அளவுகோலை எடுத்த பிரெஸ்லோ

மெலனோமா வளர்வதில் இரண்டு கட்டம் உண்டு என்று 1960களின் இறுதியில் அமெரிக்க நோய்க்கூறியலாளர் வாலஸ் கிளார்க் காட்டினார். முதலில் அது மேல்தோலுக்குள் பக்கவாட்டில் படர்கிறது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இப்படியே போகும். பிறகு ஒரு கட்டத்தில் திசையை மாற்றிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்குகிறது.

தோலின் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்து கிளார்க் ஐந்து படிநிலைகள் வகுத்தார். ஆனால் எந்த அடுக்கு என்பதில் இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்ல வாய்ப்பிருந்தது. 1970இல் வாஷிங்டனில் இருந்த அலெக்சாண்டர் பிரெஸ்லோ அந்தச் சச்சரவுக்கு வழியே இல்லாமல் செய்தார். நுண்ணோக்கியின் கண்ணாடியில் சின்னக் கோடுகள் பொறித்த அளவுகோலைப் பொருத்தி, மேல்தோலின் மேற்பகுதியிலிருந்து புற்று எட்டிய கடைசிச் செல் வரை எவ்வளவு தூரம் என்று நேரடியாக அளந்தார். அவர் பார்த்த நோயாளிகளில் 0.76 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பவில்லை. இவ்வளவு எளிய அளவீடு புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வளவு காலம் நிலைத்தது அபூர்வம். இன்றைக்கும் உலகம் முழுக்க அறிக்கைகளில் ‘பிரெஸ்லோ தடிமன்’ என்று அவர் பெயரிலேயே எழுதுகிறார்கள். 0.8 மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக, மேலே புண்ணாகாமல், எங்கும் பரவாமல் இருந்தால், பத்து வருடம் கழித்தும் 100 பேரில் 98 பேர் மெலனோமாவால் இறக்காமல் இருக்கிறார்கள்.

அளவுகோல் சரி. ஒரு மில்லிமீட்டர் பக்கத்தில் என்ன கோடு கிழித்திருக்கிறது?

ஒரு உருண்டைக் கணக்கு

காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. நிதானமாகச் செய்வோம்.

ரத்தக்குழாயிலிருந்து வெளியே கசியும் ஆக்சிஜன், திசுவுக்குள் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் தூரம்தான் போகும். சுமார் பத்து செல் வரிசை. வழியில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் அதற்கு அப்பால் மிச்சம் இருக்காது. 1955இலேயே தாம்லின்சன், கிரே என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் நுரையீரல் புற்றுத் திசுவில் இதைக் கவனித்தார்கள். ரத்தக்குழாயை ஒட்டியிருந்த செல்கள் உயிரோடு இருந்தன, அதிலிருந்து 0.2 மில்லிமீட்டரை நெருங்கும்போது செத்த செல்களாகவே கிடந்தன.

இப்போது, உள்ளே குழாயே இல்லாத உருண்டையான ஒரு புற்றுக்கட்டியை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் வெளியிலிருந்துதான் வர வேண்டும். விட்டம் 0.3 மில்லிமீட்டர் என்றால் சிக்கல் இல்லை. நடுப்புள்ளி வெளிப்பரப்பிலிருந்து 0.15 தூரத்தில்தான் இருக்கிறது. எல்லாச் செல்லுக்கும் சாப்பாடு உண்டு.

கட்டி ஒரு மில்லிமீட்டருக்கு வளர்கிறது. வெளியோட்டில் 0.15 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருப்பவை பிழைக்கும். மொத்தக் கட்டியில் அது மூன்றில் இரண்டு பங்கு. மீதி ஒரு பங்கு பட்டினி.

இரண்டு மில்லிமீட்டர் ஆனால்? பிழைப்பவை 100க்கு 39தான். இங்கே நிலைமை தலைகீழாகிவிட்டது, சாகிறவை பெரும்பான்மை. ஒரு சென்டிமீட்டர் கட்டி என்றால் 100க்கு 9கூட இல்லை. கட்டி பெரிதாகும்போது வெளிப்பரப்பு கூடும் வேகத்தைவிடக் கன அளவு வேகமாகக் கூடிவிடுகிறது, அதனால்தான் இப்படி. வெளியோட்டில் புதிதாகப் பிறக்கும் செல்களும் உள்ளே சாகும் செல்களும் ஒரு கட்டத்தில் சமமாகிவிடும். கட்டி சாகாது, வளரவும் வளராது. அந்தச் சமநிலை வருவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில்.

இதே கணக்கைத் தோலுக்குள் கொண்டுபோவோம். இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் படர்ந்து, 0.2 மில்லிமீட்டர் மட்டுமே தடித்த ஒரு மெலனோமா. அடியில் உள்தோலின் ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. கட்டி எவ்வளவு அகலமாகப் படர்ந்தாலும் அதன் பெரும்பாலான செல்களுக்குக் கீழேயிருந்து ஆக்சிஜன் எட்டிவிடும். புதுக் குழாய்க்கு அவசியமே இல்லை. தடிக்கத் தொடங்கினால்தான் தட்டுப்பாடு. 1980களில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர மருத்துவர்கள் மெலனோமாக்கள் மேல் டாப்ளர் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தின் ஓசையைக் கேட்டார்கள். 0.8 மில்லிமீட்டருக்கும் மெல்லியவற்றில் பெரும்பாலும் ஓசை எழவில்லை. அதைவிடத் தடித்தவற்றில் கேட்டது. பிரெஸ்லோ கிழித்த கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இந்த எண் வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

கடற்படை ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் கலம்

உருண்டைக் கணக்கை நிஜத்தில் முதலில் கண்டவர் ஜூடா ஃபோக்மன். அதைத் தேடிப் போனவர் அல்ல அவர். 1960களின் தொடக்கத்தில், கட்டாய ராணுவப் பணிக்காக பெதெஸ்தாவிலிருந்த அமெரிக்கக் கடற்படை மருத்துவ மையத்துக்கு அனுப்பப்பட்ட இளம் அறுவை மருத்துவர். மாதக்கணக்கில் கடலில் இருக்கும் போர்க்கப்பல்களுக்கு ரத்தத்துக்கு மாற்றாக ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும் என்பது உத்தரவு. ஃபோக்மனும் ஃபிரெடரிக் பெக்கரும் ஆய்வு விலங்கின் தைராய்டு சுரப்பியைத் தனியே எடுத்து, கண்ணாடிக் கலத்தில் வைத்து, அதன் குழாய் வழியே ஹீமோகுளோபின் கரைசலைச் செலுத்தினார்கள். சுரப்பி உயிரோடு இருந்தது.

உயிரோடு இருக்கும் சுரப்பியில் ஏதாவது வளருமா என்று பார்க்க, அவர்கள் வைத்தது சுண்டெலியின் மெலனோமா செல்களை. அவை வளர்ந்தன. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வந்ததும் எல்லாமே நின்றுவிட்டன. செத்துவிட்டனவா என்று சந்தேகம். எடுத்துத் திரும்பச் சுண்டெலிக்குள் வைத்தார்கள். மளமளவென்று பெருத்து எலியைக் கொன்றன. இரண்டுக்கும் ஒரே வித்தியாசம்தான்: எலிக்குள் கட்டிக்குப் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தன, கண்ணாடிக் கலத்தில் முளைக்கவில்லை.

பத்து வருடம் இதையே நினைத்துக்கொண்டிருந்தார் ஃபோக்மன். 1971இல், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தபோது, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் தன் முடிவை எழுதினார். புற்றுக்கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து பக்கத்து ரத்தக்குழாய்களிலிருந்து கிளைகளைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்தப் பொருளைத் தடுத்தால் கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரோடு நின்றுவிடும். பழைய குழாயிலிருந்து புதுக் குழாய் இப்படிக் கிளைவிடுவதை நாம் ‘நாளமுளைப்பு’ என்று சொல்வோம்.

துறையின் பெரியவர்கள் நம்பவில்லை. கட்டியைச் சுற்றிச் சிவந்திருப்பது புண் பட்ட இடத்தில் வரும் வழக்கமான அழற்சிதான் என்றார்கள். ஃபோக்மனின் குழு முயலின் கண்ணுக்குப் போனது. கண்ணின் முன்னறையில் தெளிந்த நீர் மட்டுமே உண்டு, குழாய் இல்லை. அங்கே மிதக்கவிட்ட கட்டித் துணுக்குகள் வாரக்கணக்கில் சின்னதாகவே கிடந்தன. அதே கட்டியை ரத்தக்குழாய்கள் நிறைந்த கருவிழித்திரையில் வைத்தபோது இரண்டு வாரத்தில் ஆயிரக்கணக்கான மடங்கு பெருத்தது. பிறகு, குழாயே இல்லாத விழிவெண்படலத்துக்குள் ஒரு துணுக்கைப் பொதித்தார்கள். ஓரத்திலிருந்த குழாய்கள் நாளுக்கு நாள் நீண்டு துணுக்கை நோக்கி வந்தன. ஒளிபுகும் படலம் என்பதால் வந்தவர்கள் எல்லோரும் கருவியில் குனிந்து தம் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அதன் பிறகு கிண்டல் குறைந்தது.

மூச்சு முட்டும் செல்லின் சேதி

அந்தப் பொருள் எது? 1983இல் பாஸ்டனில் ஹரோல்ட் ட்வோராக்கின் குழு, கட்டிகள் சுரக்கும் ஒரு புரதம் ரத்தக்குழாய்களை ஒழுகவைப்பதைக் கண்டது. 1989இல் சான் ஃபிரான்சிஸ்கோ அருகே ஜெனன்டெக் நிறுவனத்தில் நெப்போலியோனே ஃபெராரா, குழாய்ச் செல்களைப் பெருகச் செய்யும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒன்றே என்று தெரியவந்தது. வி.இ.ஜி.எஃப். என்று இன்று எல்லா மருத்துவர்களுக்கும் தெரிந்த அதை, தமிழில் நாளவளர்ப்பி எனலாம்.

செல்லுக்கு எப்போது அதைச் சுரக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு செல்லும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை ஓயாமல் தயாரித்து, சில நிமிடங்களில் அழித்துக்கொண்டே இருக்கிறது. முட்டாள்தனமான செலவு என்று தோன்றும். ஆனால் அழிக்கும் வேலைக்கு ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் குறைந்ததும் அழிப்பு நின்றுவிடுகிறது. புரதம் சேர்ந்து, உட்கருவுக்குள் போய், நாளவளர்ப்பியின் மரபணு உட்பட நூற்றுக்கணக்கானவற்றை இயக்கிவிடுகிறது. இதை விளக்கிய கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுக்கென்று உண்டான வித்தை இல்லை இது. காயம் ஆறுவதற்கும், மாதவிலக்குக்குப் பின் கர்ப்பப்பைச் சுவர் திரும்ப வளர்வதற்கும் உடம்பு இதைத்தான் பயன்படுத்துகிறது.

சேதி எட்டிய ரத்தக்குழாயில் ஒரு செல் முன்னே நீள்கிறது. மெல்லிய விரல் போன்ற நீட்சிகளை விட்டு நாளவளர்ப்பி அதிகமாக இருக்கும் திசையைத் தேடுகிறது. தலைமை ஏற்றதும் பக்கத்துச் செல்களுக்கு ‘நீ முன்னே வராதே’ என்று சமிக்ஞை கொடுத்துவிடுகிறது. அவை பின்னால் பெருகித் தண்டாக நீள்கின்றன. வழியில் உள்ள திசுவை நொதிகள் கரைத்துக் கொடுக்கின்றன. எதிரே வரும் இன்னொரு முளையோடு சேர்ந்ததும் நடுவில் துளை விழுகிறது, ரத்தம் ஓடத் தொடங்குகிறது. காயம் ஆறினால் சேதி நின்றுவிடும், முளைப்பும் நிற்கும். புற்றில் சேதி நிற்பதே இல்லை.

ஒழுகும் குழாய்கள்

நிற்காத சேதியால் உருவாகும் குழாய்கள் கோணல்மாணலாக இருக்கின்றன. எங்கேயோ தொடங்கி முட்டுச்சந்தில் முடிகின்றன. ஒரே குழாயில் ரத்தம் இப்போது இந்தப் பக்கமும் பிறகு அந்தப் பக்கமுமாக ஓடுகிறது. சுவர்ச் செல்களுக்கு இடையில் ஓட்டைகள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்துவிட்டுப் பாஸ்டனில் புற்று ஆய்வுக்கு வந்த ராகேஷ் ஜெயின், பொறியாளரின் கண்ணோடு இந்தக் குழாய்களின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் வருடக்கணக்கில் அளந்தவர். இவ்வளவு மோசமான குழாய் வழியாக மருந்துகூட ஒழுங்காகக் கட்டிக்குள் போய்ச் சேராது என்பது அவர் சொன்னவற்றில் முக்கியமானது.

நமக்கு இங்கே வேண்டியது ஓட்டைகள்தான். சாப்பாடு உள்ளே வர வெட்டிய வழியே செல் வெளியேறும் வழியாகிவிடுகிறது. நல்ல ரத்தக்குழாயின் இறுகிய சுவரைத் துளைத்து நுழைவது புற்றுச் செல்லுக்குக் கடினம். தானே வரவழைத்த குழாயில் நுழைவதற்கு அவ்வளவு பாடில்லை.

மெலனோமா இன்னொரு படி மேலே போகும் என்று 1999இல் அயோவா பல்கலைக்கழகத்தில் மேரி ஹெண்ட்ரிக்ஸும் சகாக்களும் அறிவித்தார்கள். கண்ணுக்குள் வந்த கொடிய மெலனோமாக்களைப் பார்த்தபோது, ரத்தக்குழாய்ச் செல்லே இல்லாத வழிகள் தென்பட்டன. புற்றுச் செல்களே வரிசை கட்டிக் குழாய்ச் சுவராக நின்றன. ஆய்வகத்தில் கூழ்மத்துக்குள் வளர்த்தாலும் முரட்டு ரகங்கள் வலைப்பின்னல் போட்டன. சாது ரகங்கள் போடவில்லை. மறு வருடமே ராகேஷ் ஜெயின் உள்ளிட்டோர் இதைக் கேள்வி கேட்டுக் கட்டுரை எழுதினார்கள். மனித உடம்பில் இவ்வழியே எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்பதில் வாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும், நாளவளர்ப்பியைத் தடுத்தும் மெலனோமா ஏன் அசையாமல் நிற்கிறது என்று யோசிப்பவர்களுக்கு இது ஒரு துப்பு.

நெறி கட்டும் வழி

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயத்தில் நிணநீர் மண்டலத்தின் வரைபடமே அடங்கியிருக்கிறது. காலின் நிணநீர்க்குழாய்கள் தொடையிடுக்கிலுள்ள கணுக்களில் போய்ச் சேர்கின்றன. கிருமி போகும் வழியில் மெலனோமா செல்லும் போகும். நிணநீர்க்குழாய்களின் சுவர் இயல்பிலேயே தளர்ச்சியானது. நுழைவது இன்னும் சுலபம்.

1992இல் கலிஃபோர்னியாவில் டொனால்ட் மார்ட்டன் இதை வைத்து ஒரு சோதனையை வகுத்தார். கட்டி இருந்த இடத்தைச் சுற்றி நீலச் சாயத்தை ஊசியால் ஏற்றினார். சில நிமிடங்களில் சாயம் நிணநீரோடு ஓடி, எந்தக் கணுவுக்கு முதலில் போகிறதோ அது நீலமாகத் தெரியும். அதை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். அதில் புற்று இல்லையென்றால் அடுத்த கணுக்களிலும் அநேகமாக இருக்காது. இருந்தால் மீதிக் கணுக்கள் அனைத்தையும் வெட்டி எடுப்பது வழக்கமாக இருந்தது. 2017இல் வெளியான பெரிய பன்னாட்டுச் சோதனை, அப்படி எல்லாவற்றையும் எடுத்ததால் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது. கால் வீக்கம்தான் மிச்சம். கணுவில் புற்று தெரியும் வேளையில், ஆளைக் கொல்லக்கூடிய செல்கள் வேறு இடங்களுக்கு ஏற்கெனவே கிளம்பியிருக்கலாம்.

கட்டைவிரலிலிருந்து மூளைக்கு

1977இல் ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லியின் கால் கட்டைவிரல் நகத்தடியில் மெலனோமா இருப்பது தெரிந்தது. கால்பந்து விளையாட்டில் பட்ட அடி என்றே முதலில் நினைத்திருந்தார்கள். விரலை எடுத்துவிடச் சொன்ன யோசனையை அவர் ஏற்கவில்லை. நகத்தையும் அதன் அடித்திசுவையும் மட்டும் நீக்கினார்கள். 1980 செப்டம்பரில் நியூயார்க்கில் ஓடப் போனவர் சுருண்டு விழுந்தார். மூளைக்குப் பரவியிருந்தது. 1981 மே 11 அன்று மயாமியில் இறந்தார். வயது 36.

அந்தப் பயணத்தை ஒரு செல்லின் கணக்கில் பார்ப்போம். கட்டைவிரலின் சிரையில் ஏறும் செல் இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்படுகிறது. நுரையீரலின் நுண்குழாய்கள் அந்தச் செல்லைவிடக் குறுகலானவை. பெரும்பாலான செல்கள் அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. தப்பியவை இடப்பக்க இதயம் வழியாக மூளைக்கோ கல்லீரலுக்கோ போகின்றன. வழியெங்கும் ரத்த ஓட்டத்தின் விசை அவற்றைச் சிதைக்கிறது, வெள்ளணுக்கள் தாக்குகின்றன.

எத்தனை தேறும்? கால்நடை மருத்துவம் படித்த ஐசையா ஃபிட்லர், 1970இல் சுண்டெலிகளின் வாலில் கதிரியக்க அடையாளம் இட்ட மெலனோமா செல்களை ஏற்றி எண்ணிப் பார்த்தார். ஒரு நாள் கழித்து ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. கட்டியாக வளர்ந்தவை பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. பரவுவது புற்றுக்குச் சுலபமான வேலை என்று நினைத்திருந்தவர்களுக்கு இது அதிர்ச்சி.

பிழைத்தவை எங்கே முளைக்கும் என்பது தற்செயலா? 1889இலேயே லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் படித்துவிட்டு, விதை எங்கும் விழலாம், ஒத்துக்கொள்ளும் மண்ணில்தான் முளைக்கும் என்றார். ரத்த ஓட்டம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் வளரும் என்று பிறகு வந்தவர்கள் மறுத்தார்கள். 1980இல் ஃபிட்லரும் இயன் ஹார்ட்டும் சுண்டெலியின் தொடைச் சதையில் நுரையீரல் துணுக்கையும், வேறு சில எலிகளுக்குச் சிறுநீரகத் துணுக்கையும் பதித்துவிட்டு, ரத்தத்தில் மெலனோமா செல்களை விட்டார்கள். தொடையில் இருந்த நுரையீரலில் கருப்புக் கட்டிகள் முளைத்தன. மெலனின் இருப்பதால் வெறுங்கண்ணாலேயே எண்ணலாம். சிறுநீரகத் துணுக்கில் முளைக்கவில்லை. அதே தொடைச் சதை, அதே செல்கள். பேஜட் சொன்னது சரி.

தூங்கும் கட்டி

முளைத்த இடத்திலும் உருண்டைக் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. புதுக் குழாயை வரவழைக்க முடியாத துளிக்கட்டி ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். ஸ்கேனில் தெரியாது. நோய் எதிர்ப்புச் செல்களும் அதை அடக்கி வைத்திருக்கலாம். எத்தனை நாளைக்கு?

2003இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்தார்கள். இறந்த ஒருவரின் சிறுநீரகங்கள் இருவருக்குப் பொருத்தப்பட்டன. இருவருக்கும் மெலனோமா வந்தது. விசாரித்தபோது, கொடையாளருக்கு 16 வருடம் முன்பு மெலனோமா அறுவை நடந்து, குணமானவராகவே வாழ்ந்திருந்தது தெரிந்தது. அவர் உடம்பு 16 வருடம் அடக்கி வைத்திருந்த செல்கள், உறுப்பு நிராகரிக்கப்படாமலிருக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களின் உடம்பில் விழித்துக்கொண்டன.

குழாயை அடைத்தால் போதுமா?

ஃபோக்மனின் கனவு 2004இல் மருந்தாக வந்தது. நாளவளர்ப்பியைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் பெவாசிசுமாப், குடல் புற்றுக்கு அங்கீகாரம் பெற்றது. கண்ணின் விழித்திரைக் கோளாறுகளுக்கு அதே மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்வையைக் காப்பாற்றுகிறார்கள். நம்மூர் கண் மருத்துவமனைகளிலும் அது அன்றாடம் நடக்கிறது. ஃபோக்மன் 2008இல் இறந்தார்.

மெலனோமாவில் கதை வேறு. பிரிட்டனில் அறுவை முடிந்த 1,343 நோயாளிகளைச் சேர்த்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு வருடம் பெவாசிசுமாப். நோய் திரும்புவது கொஞ்சம் தள்ளிப்போனது. ஆயுள் கூடவில்லை. நாளமுளைப்பின் முதல் சாட்சியே மெலனோமா செல்கள்தான். மருந்துக்கு அடங்காததும் அதுவே. ஒரு வழியை அடைத்தால் இருக்கிற பழைய குழாயை ஒட்டி வளர்கிறது, வேறு வளர்ப்பியைச் சுரக்கிறது.

உயிரைக் காப்பாற்றியது வேறு திசையிலிருந்து வந்தது. புற்றுச் செல்லைக் கண்டும் அடங்கிக் கிடக்கும் வெள்ளணுக்களின் பூட்டைத் திறக்கும் மருந்துகள் 2011 முதல் வந்தன. பரவிவிட்ட மெலனோமா என்றால் முன்பு ஒரு வருடம் தாண்டுவதே அரிது. இப்படிப்பட்ட இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய சோதனையில், பத்து வருடம் கழித்தும் 100க்கு 43 பேர் உயிரோடு இருக்கிறார்கள். விலையோ நம்மில் பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாதது.

கருத்த தோல் நம்மைக் காக்கிறது என்பது உண்மை. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 30 பேருக்கு மேல் வரும் மெலனோமா, இந்தியாவில் லட்சத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. ஆனால் வரும் கொஞ்சத்தில் பெரும்பங்கு வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி இவற்றில் வருகிறது. 1886இல் ஆங்கிலேய மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் நகத்தடியில் வருவதைக் கருப்பு நகச்சுற்று என்றே குறித்தார். நாம் நகச்சுற்று என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொள்வோம். காலாணி என்று பிளேடால் சீவுவோம். அடிபட்ட ரத்தக்கட்டு என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவோம்.

நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது சகஜம்; பயப்பட வேண்டாம். ஒரே ஒரு நகத்தில் புதிதாக ஒரு கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனால், கருமை நகத்தைத் தாண்டி ஓரச் சதைக்கு இறங்கினால், உள்ளங்காலில் கரும்புள்ளி பெரிதானாலோ புண்ணாகி ஆறாமல் கிடந்தாலோ, சீவாமல், மருந்து தடவாமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் தோல் பிரிவு உண்டு. மெல்லியதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு வெட்டி எடுத்துத் தையல் போடுவார்கள். பெரும்பாலோருக்கு அதற்கு மேல் மருந்து எதுவும் தேவைப்படுவதில்லை.